மல்லாட்டை மிஸ்ஸின் இடது கால்

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு, வறுத்த வேர்க்கடலை வாசனை வந்தால் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். அத்தனை பேரும் மல்லாட்டை மிஸ்ஸிடம் ஓட்டப் பழகியவர்கள். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். சொந்தப் பெயரைச் சொல்லி அவர் வீட்டிலாவது கூப்பிடுவார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்தாறு. பாகூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வலி வந்தால் நானே காரில் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன் என்று மகளிடம் வீரமாக வாக்குக் கொடுத்துவிட்டேன். கார் இருந்தது. ஓட்டத்தான் தெரியாது. வாசலில் நின்ற அந்தக் காருக்கடியில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரித்துவிட்டது.

முதல் வாரம் மிஸ் வாயே மூடவில்லை. கிளட்சை மிதி, கியரைப் போடு, மெதுவாக விடு என்று ஒரே மழை. நிமிடத்துக்கு ஒரு தடவை, "கண்ணாடியப் பாருங்க சார்." நான் எங்கே பார்த்தேன்! இரண்டு கண்ணும் ரோட்டிலேயே ஒட்டிக் கிடந்தன. அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. நான் சொதப்பினால் இடது காலால் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடுவார். அந்தக் காலை நம்பித்தான் நான் ஸ்டீயரிங்கைத் தொட்டேன்.

இரண்டாம் வாரம் மழை நின்று கேள்வி ஆரம்பித்தது. எதிரே மலை மாதிரி கரும்பு டிராக்டர் வரும். காபியா டீயா என்று விசாரிக்கிற குரலில், "இப்ப இன்னா பண்ணப் போறீங்க சார்?" என்பார். நீங்களே சொல்லுங்கள் என்று கெஞ்சினால், ஓட்டுவது நானா நீங்களா என்று திருப்பிக் கேட்பார்.

மூன்றாம் வாரம் அதுவும் போயிற்று. வண்டி கிளம்பியதும் ஒரு கை மல்லாட்டையை வாயில் கொட்டிக்கொள்வார். என்ன கேட்டாலும் "ம்ம்". அது சரி என்கிற 'ம்ம்'மா, செத்தோம் என்கிற 'ம்ம்'மா என்று கடவுளுக்கே தெரியாது. வாய் காலியாகிறதே என்று நான் சந்தோஷப்படுவதற்குள் அடுத்த கை உள்ளே போய்விடும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஒருநாள் என் மனைவியும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். சுத்துக்கேணி ரோட்டில் திடீரென்று ஆட்டு மந்தை. நான் அலறினேன். ஒரு சாண் மிச்சம் வைத்து வண்டி நின்றது. உங்கள் கால் இல்லையென்றால் இன்றைக்குக் கொலைகாரனாகியிருப்பேன் என்று மிஸ்ஸைக் கும்பிட்டேன். "ம்ம்" என்றார்.

சாப்பிடும்போதும் அந்தக் காலின் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே, "எந்தக் கால சொல்றீங்க? அந்தப் பொண்ணு சீட்டு மேல சம்மணம் போட்டுல்ல ஒக்காந்திருந்துச்சி. பிரேக்கு போட்டது நீங்கதான்" என்றாள்.

எடுத்த கவளம் கையிலேயே நின்றது. மறுநாள் மிஸ்ஸைப் பிடித்து உலுக்கினேன். ஒரு வாரமாகவே சம்மணம்தானாம். உங்களுக்குப் பயமே இல்லையா என்றேன்.

"பயம் இல்லாம இன்னா சார்? கீழ எறக்கு எறக்குன்னு காலு துடிக்கும். வாயத் தொறந்தா எதையாவது சொல்லிக்குடுத்துடுவேன். அதுக்குத்தான் மல்லாட்டை."

லைசென்ஸ் கிடைத்தது. பத்தாம் மாதம் ஒரு காலையில் மகளிடமிருந்து போன். வலி எடுத்துவிட்டது. சாவியை எடுத்தேன், திரும்ப வைத்தேன். மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். வண்டியை எடுங்கள், தேரடியில் ஏறிக்கொள்கிறேன் என்றார். தேரடியில் ஆளைக் காணோம். மறுபடி அடித்தால், "டீ குடிச்சிக்கினு கீறேன். நீங்க போங்க சார்."

திட்டிக்கொண்டே போனேன். வழியில் கரிக்கலாம்பாக்கம் தாண்டியதே தெரியவில்லை. பாகூர் போய் மகளை ஏற்றி, பள்ளம் மேடு பார்த்து, ஓர் உலுக்கல் இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். மதியத்துக்குள் பேத்தி பிறந்துவிட்டாள். நானே ஓட்டி வந்தேன் என்று நர்ஸிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஸ்கூட்டர் மேல் மிஸ் உட்கார்ந்திருந்தார். காலடியெல்லாம் மல்லாட்டைத் தோல்.

"தேரடியில இருந்து உங்க பின்னாடியேதான் வரேன். ஒரு தபா கண்ணாடியப் பாத்தீங்களா சார்?"

இப்போதெல்லாம் நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன். பின்னால் யாரும் வருவதில்லை. இருந்தாலும் பார்க்கிறேன்.