பலூன் வீரருக்கு ஒரு தலை

படத்தின் மேல் தேநீர் சிந்தியது பெரிய விஷயமில்லை. அருங்காட்சியகத்து ஃபிரேம்காரர் அதைத் துடைத்ததுதான் வினையாகிப் போயிற்று. ஈரத்துணியோடு பலூன் வீரரின் முகமும் வந்துவிட்டது.

பழைய புகைப்படத்தில் பலூன் இருந்தது, கயிறுகள் இருந்தன, கீழே தொப்பியை வீசி ஆர்ப்பரிக்கும் கூட்டமும் இருந்தது. கூடைக்குள் மட்டும் ஒரு பெரிய கோட்டு, தலையில்லாமல் வானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் அருங்காட்சியகத்தில் கண்காட்சி திறப்பு. அந்த ஊரில் முதன்முதலாகப் பறந்தவர் அவர்தான் என்பதற்கு இந்த ஒரே படம்தான் சாட்சி. வேலை போனது போனதுதான் என்று ஃபிரேம்காரர் முடிவே கட்டிவிட்டார். படத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, ஸ்டுடியோ வைத்திருக்கும் மனைவியின் தம்பியிடம் ஓடினார்.

"மச்சான், இவருக்கு ஒரு தலை வேணும்."

"யாரு தலை மாமா?"

"யாரு தலையா இருந்தா என்ன? என் தலையே நாளைக்கு உருளப்போகுது."

"அப்ப அதையே வெச்சிடுவோம். சும்மாதானே போகப்போகுது."

மச்சானுக்கு உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. ஒட்டு மீசை வந்தது. முகத்துக்கு நேரே மேஜை ஃபேன் வந்தது. பறக்கிறவருக்குக் காற்று வேண்டுமாம்.

"வீரமா பாருங்க மாமா. பல் டாக்டர்கிட்ட உக்காந்த மாதிரி முழிக்காதீங்க."

காலையில் காப்பாட்சியர் படத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். "சுத்தம் பண்ணதும் முகம் எவ்வளவு தெளிவா இருக்கு. இதைப் பெருசாக்கி வாசல்ல வெச்சிடலாம்."

"வேணாம் சார். அந்த ரெண்டடுக்கு இறக்கை விமானப் படத்தை வைக்கலாமே."

"அதுல ஆளு முதுகைக் காட்டிட்டு நிக்கிறான். இந்த முகத்துல என்ன கம்பீரம் பாருங்க."

திறப்பு விழா தொடங்குவதற்குள் வாசலில் ஃபிரேம்காரர் யானை உயரத்துக்குப் பறந்துகொண்டிருந்தார். விழா பார்க்க வந்த மனைவி அவரைத் தேடிப் பிடித்தாள்.

"ஏங்க, நீங்க பலூன்ல எல்லாம் போனீங்களா? என்னை ஒரு பஸ்ல கூட்டிட்டுப் போனதில்ல."

அவளை ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். அதற்குள் காப்பாட்சியர் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஜலதோஷமா? பரவால்ல, வாங்க. பலூன் வீரரோட மகளே வந்திருக்காங்க. படத்தை சுத்தம் பண்ணது நீங்கதானே, நீங்களே விளக்குங்க."

கைத்தடியோடு நின்ற அந்த முதியவள் படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு ஃபிரேம்காரரின் கைக்குட்டையைத் தானே கீழே இறக்கி, அவரையும் உற்றுப் பார்த்தாள்.

"சார்கிட்ட சொல்லிடாதீங்கம்மா, என் பொழப்பே போயிடும்," என்று அழாத குறையாகக் கிசுகிசுத்தார்.

முதியவள் அவர் காதருகே குனிந்தாள்.

"பயப்படாதீங்க தம்பி. எங்கப்பாவும் இப்படித்தான் தன் தலைய ஒட்டிக்கிட்டாரு. அன்னிக்குப் பறந்தது எங்கம்மா."