மூன்றாம் ஆளுக்கு இடமில்லாத வண்டி

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்,
7-9-1949, புதன்கிழமை.

சிரஞ்சீவி மைத்துனர் சண்முகசுந்தரம் அவர்களுக்கு,

ஆசீர்வாதம். இங்கு எல்லோரும் க்ஷேமம். அங்கும் அப்படியே இருப்பீர்கள் என்று தங்கள் ஜவுளிக்கடையின் வியாபாரத்திலிருந்து அனுமானிக்கிறேன். இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தங்களை ‘நீ’ என்றே அழைத்து வந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் ‘தாங்கள்’ என்று எழுதுகிறேன். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் குறைகள் தேதிவாரியாகப் பின்வருமாறு:

1. ஆகஸ்டு 21, ஞாயிறு. நான் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த, இன்றுவரை வாங்காத, பார்வைக்காக என் வாசலுக்கு வந்து நின்ற, மேல்மூடி மடங்கும் சிவப்பு இத்தாலிக் காரை, “பனகல் பார்க்கு வரைக்கும் ஒரு ரவுண்டு அத்தான், நம்ம மெக்கானிக் ஒரு பார்வை பாத்துரட்டும்” என்று சொல்லித் தாங்கள் எடுத்துச் சென்றீர்கள். அந்த ரவுண்டு இன்னும் முடியவில்லை.

2. ஆகஸ்டு 26, வெள்ளி. லஸ் முனையில் மேற்படி காரின் முதுகின்மேல் முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக அமர்ந்து, நாதஸ்வரம் முன்னே செல்ல, ஊர்வலம் வரக் கண்டேன். அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கூப்ப வேண்டியதாயிற்று.

3. ஆகஸ்டு 31, புதன். தங்கள் கடை வாசலில் ‘முகூர்த்தப் பட்டு எடுப்போருக்கு மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் இலவசம்’ என்று ஒரு பலகை தொங்குவதைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

4. செப்டம்பர் 4, ஞாயிறு. வேளச்சேரியிலிருந்து ஒரு மிராசுதார் தாம்பூலத் தட்டுடன் என் வீட்டுக்கு வந்து, தம் மகன் கல்யாணத்துக்குக் கார் வேண்டும் என்றார். கார் என்னிடம் இல்லை என்றேன். “அது தெரியுங்க. டிரைவர் நீங்கதானாமே?” என்றார்.

5. செப்டம்பர் 5, திங்கள். இந்தக் காரை வாங்கலாமா, கூடாதா என்ற ஒரே ஒரு கேள்வியை எழுதித் தங்களுக்குக் கொடுத்தனுப்பினேன். பதிலாக ஒரு ஜோடி சரிகை வேட்டியும் ஒரு டப்பா லட்டும் வந்தன. தருக்க சாஸ்திரத்தை இருபத்தாறு வருஷம் போதித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: லட்டு ஒரு விடை ஆகாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்த துரை சீமைக்குப் போகும்போது, அந்தக் காரை விற்றுத் தரும்படி தம் ஆபீஸ் குமாஸ்தா, சாந்தோம் ஆம்ப்ரோஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார் என்பது தங்களுக்குத் தெரியும். அது தொண்ணூற்றோராயிரம் மைல் ஓடியிருக்கிறது என்று அதிலுள்ள எண்கள் கூறுகின்றன. அதாவது பூமியை மூன்று முறை சுற்றிவிட்டு, நான்காவது சுற்றில் சாந்தோம் வந்து களைத்து நிற்கிறது. இப்படிப்பட்ட வண்டியைப் புத்தியுள்ளவன் வாங்குவானா என்று நம் வீட்டுக் கூடத்தில் நடந்த விவாதத்தில் வீட்டிலுள்ள பதினொரு பேரும் கலந்துகொண்டார்கள். தங்கள் சித்தப்பா சிதம்பரநாதன் அவர்கள் தலைமை வகித்தார்கள். “மாப்ள, மேல மூடியே கெடையாதாமே, மழ பேஞ்சா என்ன செய்வீய?” என்றார்கள். மூடி உண்டு, மடக்கலாம், விரிக்கலாம் என்றேன். “அப்ப எதுக்கு மடக்கணும்?” என்றார்கள். பிறகு, “ரெண்டு பேருதான் உக்காரலாமா? மத்தவங்க எங்க இருப்பாங்க?” என்று கேட்டார்கள். கூடத்தில் இருந்த அனைவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். மற்றவர்கள் எங்கேயும் உட்கார முடியாது என்பதுதான் அந்த வண்டியின் ஒரே சிறப்பு. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து தங்கள் அக்காளிடம் நான் ஆரம்பித்த ஒரு வாக்கியத்தையாவது மூன்றாம் மனிதர் முடித்து வைக்காமல் இருந்ததில்லை. “மீனாட்சி, களைப்பாக இருக்கிறதா?” என்று கேட்டால் பக்கத்து அறையிலிருந்து தங்கள் சித்தி, “எனக்குந்தான் முழங்காலு விண்ணுவிண்ணுன்னு தெறிக்கி” என்கிறார்கள். சென்ற சித்திரையில் நாங்கள் இருவரும் கடற்கரைக்குக் காற்று வாங்கப் புறப்பட்டோம். தெருமுனை தாண்டும்போது நாங்கள் எட்டுப் பேர். மணலில் எனக்கும் அவளுக்கும் நடுவில் சித்தப்பா அமர்ந்து, மூன்று மணி நேரம் திருநெல்வேலி நில வழக்கு ஒன்றை விவரித்தார்கள். அந்த மாதமே நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். ஜூலையில் லைசென்ஸ் வாங்கினேன். ஐம்பத்து நான்கு வயதில் ஒருவன் இதைச் செய்வது விளையாட்டுக்கு அல்ல.

ஆகவே எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: அந்த வண்டி ஓடுமா? அழகாக இருக்கிறதா என்பது என் கேள்வி அல்ல; மயிலாப்பூரில் பூமாலை போட்டால் எதுவும் அழகாகத்தான் இருக்கும். லஸ் முனையில் தங்கள் மெக்கானிக் அப்துல் வஹீதே காரை ஓட்டி வருவதைக் கண்டு, கதவோரமாக நடந்தபடியே அவரை விசாரித்தேன். கார் நடை வேகத்தில் போனதால் இது சாத்தியமாயிற்று. இஞ்சின் எப்படி என்று கேட்டேன். நாதஸ்வரக்காரர் மூச்சு விடும் இடைவெளிகளில் அவர் பதில் சொன்னார். “இன்னா சார் கேக்குறே? வாங்கலாமான்னா வாங்கலாம். ஓடுமான்னா, அது வேற கேள்வி.” விளக்கமாகச் சொல்லும்படி கேட்டேன். “ஓடுற நாள்ல ராஜா மாரி ஓடும். மத்த நாள்ல ராஜா மாரி நின்னுகினு இருக்கும்.” இது எந்த நாள் என்று கேட்டேன். “இது கல்யாண நாளு சார், பேசாம வா.” மாப்பிள்ளை மேலேயிருந்து குனிந்து, “வாங்கிடுங்க மாமா, சீட்டு மெத்து மெத்துன்னு இருக்கு” என்றார். அவர் சீட்டில் உட்கார்ந்திருக்கவே இல்லை. மடித்த மூடியின்மேல் உட்கார்ந்திருந்தார். அதற்குள் ரேடியேட்டர் கொதித்துப் புகைந்தது. கூட்டத்தில் இருந்த ஒரு அம்மாள் பன்னீர்ச் செம்பை அப்படியே அதில் கவிழ்த்துவிட்டார்கள். லஸ் முனை முழுதும் மணந்தது. பத்துப் பேர் என் சட்டையில் சந்தனம் தடவினார்கள். நான் பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா என்று ஒருவர் விசாரித்தார். நான் வண்டி வீட்டார் என்றேன்.

இதன் விளைவு யாது? இரண்டரை வாரமாக அந்தக் கார் தேனாம்பேட்டை, தியாகராய நகர், திருவல்லிக்கேணி என்று எல்லாத் தெருக்களையும் அளந்திருக்கிறது. ஆனால் இதுவரை ஒருவரும் அதை நாதஸ்வரத்தை விட வேகமாக ஓட்டிப் பார்க்கவில்லை. மணிக்கு நூறு மைல் போவதற்காக ஒரு தேசம் கட்டிய இயந்திரத்தைத் தாங்கள் தவில்காரருக்குப் பின்னால் நடக்கப் பழக்கிவிட்டீர்கள். இன்று காலை ஆம்ப்ரோஸ் வந்தார். பண்புள்ள மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். “சினிமா கம்பெனிக்காரங்க தினம் வந்துகினே இருக்காங்க சார். உங்களுக்காகத்தான் சனிக்கிழமை சாயந்தரம் வரைக்கும் நிறுத்தி வச்சிருக்கேன். வண்டி எங்க சார்?” பரிசோதனையில் இருக்கிறது என்றேன். அவர் சற்று யோசித்து, “நேத்து எங்க மாதா கோயில் பக்கமா மேளத்தோட போச்சே, அதுவா சார் பரிசோதனை?” என்றார். சித்தப்பா உள்ளேயிருந்து, “அதேதான், அதேதான்” என்று எனக்காகப் பதில் சொன்னார்கள்.

சனிக்கிழமை தவறினால் அந்த வண்டி ஏதோ ஒரு படத்தில் மலையிலிருந்து உருட்டப்படும். நானும் தங்கள் அக்காளும் மறுபடியும் சித்தப்பாவின் இரு புறமும் உட்காருவோம். ஆகவே வருகிற சனிக்கிழமை, செப்டம்பர் 10ஆம் தேதி, பகல் பன்னிரண்டு மணிக்குள் கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்து மூலம் பதில் வேண்டும்: வண்டி ஓடுமா, ஓடாதா; பலகை எப்போது இறங்கும்; இருக்கையில் படிந்த சந்தனத்தை எதனால் துடைப்பது. வாய்மொழி, வேட்டி, தின்பண்டம் ஆகியவை பதிலாக ஏற்கப்படமாட்டா.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும். கோபத்தில் இருப்பதால் ஆசியைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை.

இப்படிக்கு,
மு. மாணிக்கவாசகம், எம்.ஏ., எல்.டி.

பின்குறிப்பு: வியாழன் இரவு எட்டு மணி. நேற்று எழுதியதைத் தபாலில் போடவில்லை. இன்று மாலை அப்துல் வஹீத் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சித்தப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் உன் அக்காளை ஏற்றிக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன். ராஜா அண்ணாமலைபுரம் வரையில் அது ஓடிய ஓட்டத்தில் அவள் கொண்டை அவிழ்ந்தது. நிறுத்தட்டுமா என்று கேட்டேன். “வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்க” என்றாள். அடையாற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி தானாகவே நின்றது. எதைத் திருகியும் பயனில்லை. பாலத்தடியில் வலை உதறிக்கொண்டிருந்த இருவர் வந்து, “இன்னா நைனா, வண்டி பூட்ச்சா? தள்ளணுமா?” என்று கேட்டார்கள். நான் தலையாட்டுவதற்குள் அவள், “இப்ப வேண்டாம்யா, கொஞ்சம் கழிச்சு வாங்க” என்றாள்.

ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். இடையில் யாரும் முடித்து வைக்கவில்லை. வண்டியை எடுத்துப் போகச் சொன்னதும், இன்று கொண்டுவரச் சொன்னதும் தான்தான் என்று அப்போது சொன்னாள். “வாசல்ல நின்னா முத நாளே சித்தப்பா ஏறி உக்காந்திருப்பாக. எறக்க முடியுமா உங்களால? அதான் தம்பிகிட்ட சொல்லி அப்புறப்படுத்தினேன். கல்யாணத்துக்கு விட்டது அவன் புத்தி.” ஆகவே மேலே ஒன்று முதல் ஐந்து வரையுள்ள குறைகளில் முதலாவதை வாபஸ் வாங்குகிறேன். மற்ற நான்கைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்தோம். வாங்கிவிட்டேன், ஆம்ப்ரோஸிடம் சொல்லி அனுப்பியாயிற்று. ஆனால் சித்தப்பா இப்போது இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள இடத்தைக் கைவிரலால் சாண் போட்டு அளந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே எழுத்து மூலமான பதில் இன்னும் வேண்டும். உன் மெக்கானிக் கையெழுத்துடன், கூடத்தில் உரக்கப் படிக்கத் தக்கதாக, மூன்றாம் ஆள் ஏறினால் இந்தக் காரின் அச்சு முறிந்து உயிருக்கு ஆபத்து என்று எழுதி அனுப்பு. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டும்.