பத்து மணிக்குப் பணக்காரர்

"பத்து மணிக்கு நாம பணக்காரங்க. பதினொரு மணிக்கு ஏழைங்க. ஞாபகம் இருக்கட்டும்" என்றார் டைம்கீப்பர், சுவரில் அட்டவணையை ஒட்டிக்கொண்டே.

"பத்தரைக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"பத்தரைக்கு என்ன?"

"பத்தரைக்கு நாம யாருன்னு கேட்டேன்."

"சோபாவைத் தூக்குறவங்க."

பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். அவர் வேலை பார்த்த காலத்தில் ஒரு பஸ்கூடச் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. இருந்தும் மனிதர்கள் வருவார்கள் என்று நம்பினார்.

விஷயம் இதுதான். மனைவிக்கு முட்டி போய்விட்டது. படுக்கையறையும் குளியலறையும் மாடியில், பதினாறு படி. ஏறும்போது எட்டாவது படியில் நின்று, அங்கே மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்ப்பாள். அது போன வருஷத்துக் காலண்டர். வலி தணியும்வரை அதில் தேதி தேடுவது போல நிற்பாள். டைம்கீப்பர் கீழே நின்று பார்ப்பார். ஒரு நாள், "வித்துடலாம்" என்றார். எதை என்று அவள் கேட்கவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம் இருந்தது. எல்லா அறையும் தரைத்தளம், ஒரு படி கிடையாது, டாக்டர் தினமும் வருவார். முழுக் கட்டணம் அவர்கள் சக்திக்கு மீறியது. சலுகைக் கட்டணத்தில் ஒரே ஓர் அறை மிச்சம் இருந்தது. அதற்கு இல்லத்து ஆபீசர் வீட்டுக்கு வந்து, நிலைமையைப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். அந்த அறைக்கும் முன்பணம் உண்டு என்பதால் வீடும் நல்ல விலைக்குப் போக வேண்டும்.

"கஷ்டத்தைக் காட்டுங்க. வசதின்னு தெரிஞ்சா சலுகை கிடையாது" என்று இல்லத்து கிளார்க் சொல்லியிருந்தார்.

"வசதியைக் காட்டுங்க. கஷ்டம்னு தெரிஞ்சா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க" என்று புரோக்கர் சொல்லியிருந்தார்.

இரண்டு பேருமே நல்ல மனிதர்கள். இரண்டு பேருமே வியாழக்கிழமை காலையில் ஆள் அனுப்பினார்கள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் சோபாவும் கம்பளமும் கொடுத்து உதவினார். அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் ஏழை வீடு என்றால் கூரை ஒழுக வேண்டும் என்று டைம்கீப்பருக்குத் தோன்றிவிட்டது. கூடத்துக்கு மேலே மொட்டைமாடி. ஜன்னலோரம் பழைய ஆன்டெனா ஒயர் இறங்கிய ஓட்டை ஒன்று இருந்தது.

"பக்கெட்டோட மேல போய் உக்காந்துக்குங்க. நான் இருமினா அந்த ஓட்டையில ஊத்துங்க" என்றார் தையல்காரரிடம்.

"எத்தனை இருமலுக்கு எவ்வளவு?"

"ஒரு இருமலுக்கு ஒரு சொம்பு."

தையல்காரர் ஒன்பதரைக்கே ஏறிவிட்டார். அட்டவணையில் அடுத்த வரி: '9.50 - மோட்டார் போடுதல்.' பணக்கார வீட்டுக் குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும் அல்லவா? மனைவி மோட்டாரைப் போட்டாள்.

பத்து மணிக்கு, ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லாமல், கையில் தோல்பையுடன் ஒருவர் வந்து நின்றார்.

"வீட்டைப் பாக்க வந்திருக்கேன்."

டைம்கீப்பர் அவரை சோபாவில் உட்கார வைத்தார். "விக்கணும்னு அவசியமே இல்ல. எவ்வளவுதான் சார் வசதியை அனுபவிக்கிறது? அலுத்துப்போச்சு" என்றார்.

வந்தவர் நோட்டில் எழுதிக்கொண்டார். "பிள்ளைங்க?"

"ரெண்டு பசங்க. ரெண்டு பேரும் வெளிநாட்டுல. கப்பல் கம்பெனி."

டீ கொண்டுவந்த மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் பிறக்காத பிள்ளைகள், அவள் டீ போடுவதற்குள் இரண்டு பிறந்து, வளர்ந்து, கப்பலும் ஓட்டப் போயிருந்தார்கள்.

"கப்பலே அவங்களுதா?" என்று கேட்டார் வந்தவர்.

"ஒண்ணு மட்டும்."

கம்பளத்தில் தையல்காரர் வீட்டுப் பஞ்சுத்தூசி இருந்தது. டைம்கீப்பர் மூச்சை அடக்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. கடைசியில் இருமிவிட்டார். பதறிப்போய்க் கூரையைப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. அப்பாடா என்று அவர் சாய்ந்து உட்கார்ந்தபோது, ஜன்னலோரம் விழ வேண்டிய தண்ணீர் நாலு முழம் தள்ளி, சோபாவின் நடுவில், தோல்பையின் மேல் விழுந்தது.

சொன்ன தேதியில் ஒரு சட்டை கொடுத்தவரில்லை தையல்காரர். அளவும் என்றைக்குச் சரியாக இருந்தது?

"என்ன சார் இது?"

"நீரூற்று" என்றார் டைம்கீப்பர். "வீட்டுக்குள்ளயே வச்சிருக்கோம்."

வந்தவர் பையைத் துடைத்தார். நோட்டில் 'நீரூற்று' என்று எழுதினார். பிறகு நிதானமாக, "சலுகை அறைக்கு விண்ணப்பம் போட்டது நீங்கதானே?" என்று கேட்டார்.

டைம்கீப்பர் அட்டவணையைத் திரும்பிப் பார்த்தார். '10.00 - வீடு பார்க்க வருகை. 11.00 - வீடு பார்க்க வருகை.' இருவரும் போனில் அப்படித்தான் சொன்னார்கள். அவரும் அப்படியே எழுதினார். டிப்போவில் வண்டி வந்த நேரத்தைத்தான் குறிப்பார்கள். யார் இறங்கினார்கள் என்று குறிக்கிற வழக்கம் இல்லை.

"மோட்டாரை அணை. நாம இப்ப ஏழை" என்று மனைவியின் காதில் சொன்னார். அவள் போய் அணைத்தாள்.

"சார், இந்த சோபா எங்களுது இல்ல" என்று ஆரம்பித்தார். "தையல்காரருது. கம்பளமும் அவருதுதான்."

"கப்பல்?"

"இல்ல சார்."

"பசங்க?"

"அவங்களும் இல்ல சார்."

"அப்ப எதுதான் உங்களுது?"

"ஒழுகல் மட்டும்தான் சார்."

அதை நிரூபிக்க இருமினார். ஒரு சொட்டு இல்லை. பலமாக இருமினார். குரல் கம்ம, கண்ணில் நீர் வர இருமினார். கூரை கல்லு மாதிரி இருந்தது.

"இருமலுக்கு டாக்டரைப் பாத்தீங்களா?" என்றார் ஆபீசர்.

வேறு வழியில்லாமல் டைம்கீப்பர் வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கினார். அடுக்களைச் சுவர் பிளந்துவிட்டது என்றார். கதவு நிலையில் கரையான் என்றார். மழைக்காலத்தில் கூடத்தில் முழங்கால் தண்ணீர், சாக்கடை எதிர்த்து வரும், தங்கள் வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது என்றெல்லாம் சொல்லி முடித்து மூச்சு வாங்கியபோது, வாசலில் வெள்ளை கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார்.

"வீட்டைப் பாக்க வந்தேன்" என்றார். "பாதி பாத்துட்டேன்னு நெனைக்கிறேன்."

பல் டாக்டர். கிளினிக் வைக்க இடம் தேடுகிறவர். அடுத்த நோயாளி பதினொன்றரைக்கு என்பதால் இருபது நிமிஷம் முன்னால் வந்துவிட்டார். டைம்கீப்பர் அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

"சொன்னது எதுவுமே இல்ல டாக்டர்" என்று அவரிடம் கிசுகிசுத்தார்.

"எதுவுமே இல்லையா?" என்றார் ஆபீசர். அவருக்குக் காது கூர்மை.

"இருக்கு சார், உங்களுக்கு இருக்கு."

பல் டாக்டர் அதற்குள் சுவரை விரலால் தட்டத் தொடங்கியிருந்தார். நிலைக்கதவின் இடுக்கில் சின்ன டார்ச் அடித்தார். "இங்க சொத்தை ஒண்ணும் இல்லையே" என்றார். "குழாயில தண்ணி எப்படி வருது?"

மனைவி மறுபடி மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. டாக்டர் முகத்தில் திருப்தி தெரிந்தது. ஆபீசர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்சமும் போனது.

"ஒரே ஒரு பதில் சொல்லுங்க" என்றார் ஆபீசர். "உங்க கூரை ஒழுகுதா, ஒழுகலையா?"

டைம்கீப்பர் இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவர் உச்சந்தலையில் சொத்தென்று தண்ணீர் விழுந்தது.

"நான் இருமவே இல்லையே!" என்று கூரையைப் பார்த்துக் கத்தினார்.

மனைவி போய் மோட்டாரை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து சோபாவின் ஈரமில்லாத ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"போதும்ங்க" என்றாள் கணவரிடம். பிறகு மற்ற இருவரையும் பார்த்தாள். "மேல தையல்காரர் பக்கெட்டோட உக்காந்திருக்காரு. இவரு இருமினா ஊத்தணும்னு ஏற்பாடு. எங்களுக்குப் பிள்ளை இல்ல. எனக்குப் படி ஏற முடியல. ரெண்டு பேருக்கும் உக்கார ஒரு தரைவீடு வேணும். அவ்வளவுதான் கதை. இவருக்குப் பொய் சொல்ல வராது, பாருங்க, நனைஞ்சு நிக்கிறாரு."

டைம்கீப்பருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, எட்டாவது படியில் தேதி தேடுகிறவள் படி ஏற முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை என்பது அவரை என்னவோ செய்தது.

ஆபீசர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "சலுகை ஒழுகுற கூரைக்கு இல்லம்மா. பிள்ளை இல்லாதவங்களுக்கு, படி ஏற முடியாதவங்களுக்கு. ஏழாவது கேள்வியே 'மூட்டுகளின் நிலை'தான். சார் அதுல 'நலம், தாங்கள் நலமா' ன்னு எழுதியிருக்காரு."

"விசாரிக்கிறாங்கன்னு நெனச்சேன்" என்றார் டைம்கீப்பர்.

ஆபீசர் அதை அடித்துத் திருத்தி, அங்கேயே கையெழுத்துப் போட்டார். "வீடு வித்த பத்திரத்தோட வாங்க. ரூம் உங்களுக்குத்தான்."

எல்லோரும் பல் டாக்டரைப் பார்த்தார்கள்.

"எனக்கு இடம் பிடிச்சிருக்கு. நீங்க சொன்ன விலையும் சரி" என்றார் அவர். "ஆனா என் மெஷின் எல்லாம் இந்த ஹால்லதான் வரும். மேலயிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு. உண்மையிலேயே ஒழுகாதுதானே?"

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு சொட்டு இல்ல டாக்டர். சத்தியமா. போன மாசம்தான் மேல புதுத் தண்ணித்தொட்டிகூட வச்சோம்."

"எழுதித் தருவீங்களா?"

டைம்கீப்பருக்கு எழுதுவது என்றால் கேட்கவா வேண்டும்? டிப்போ எழுத்தில், ஒவ்வொன்றையும் குண்டு குண்டாக எழுதினார். 'காலை 11.04. இவ்வீட்டின் கூரை ஒழுகாது. இன்று விழுந்த நீர் முழுவதும் தையல்காரர் ஊற்றியது. ஒரு வருடத்துக்குள் ஒழுகினால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டை நானே எடுத்துக்கொள்வேன்.' கையெழுத்துப் போட்டார். ஆபீசர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் காகிதத்தை ஊதிக் காயவைத்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

மனைவி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று டைம்கீப்பர் நினைத்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்திருந்தன.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. தையல்காரர் இறங்கி வந்தார். ஒரு கன்னத்தில் தரையின் கோடுகள் பதிந்திருந்தன. கையில் பக்கெட், விளிம்புவரை தண்ணீர் தளும்பியது.

"மன்னிச்சுக்குங்க சார், தொட்டி நிழல்ல காத்து சுகமா இருந்துச்சு, போன உடனே கண்ணசந்துட்டேன்" என்றார் அவர். "ஒரு சொட்டுகூட ஊத்தல. இப்ப ஊத்தட்டுமா?"