நாலு பக்கமும் திரும்புற சக்கரம்

போன ஞாயித்துக்கெழமை எனக்கு ஒரே ஒரு சோலிதான் இருந்துச்சு. ஷெட்டுக்குள்ள கெடக்குற ஜீப்பு பாடியை வெளிய கொண்டாரணும். அவ்வளவுதான்.

புதுசா படிக்கிறவங்களுக்குச் சொல்லிடுறேன். நான் கொடைக்கானல் மலையில, வடகவுஞ்சியில பூண்டு போடுற ஆளு. பழைய ஜீப்பு ஒண்ணை வாங்கி, பிரிச்சு, புதுசாக்குறேன்னு கெளம்பினவன். பிரிக்கிறது ரொம்ப நல்லா வந்துச்சு. எஞ்சினும் அடிச்சட்டமும் வத்தலக்குண்டு ஒர்க்‌ஷாப்புல கெடக்கு. பாடி மட்டும் எங்க ஷெட்டுல செங்கல் மேல உக்காந்திருக்கு. போன வெள்ளாமைக்கும் அது அங்கனதான் உக்காந்திருந்துச்சு.

இந்தத் தடவை பூண்டு பிடுங்கியாச்சு. கட்டு கட்டா ஷெட்டுல தொங்கவிட்டு, கீழ புகை போடணும். தொங்கவிட எடம் இல்ல. மழை வேற மூஞ்சியைக் காட்டுது.

என் சம்சாரம் செல்வி சத்தமே போடல. அதுதான் எனக்குப் பயம்.

"ஏங்க, ஞாயித்துக்கெழமை சாயங்காலம் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள அந்தத் தகரம் ஷெட்டை விட்டு வெளிய போனா உங்களுது. உள்ளயே கெடந்தா அவரோடது."

சொல்லிட்டு கொழம்பைக் கிண்டப் போயிட்டா.

ஊர்ல நாலு பேரைக் கூப்பிட்டா, ஒரு டீயைக் குடிச்சிட்டுத் தூக்கி வெளிய வச்சிருப்பாங்க. ஆனா அது சாதாரண மனுசன் பண்ணுற காரியம். நான் வீடியோ பாக்குற ஆளு.

வீடியோவுல ஒரு வெள்ளைக்காரர், சக்கரம் வச்ச ஒரு டிராலி மேல முழு கார் பாடியை ஏத்தி, ஒத்த வெரல்ல தள்ளுறாரு. அது பாட்டுக்குப் போகுது. அவரு ஷெட்டுத் தரை கேரம் போர்டு மாதிரி இருந்துச்சு. நான் டிராலியைப் பாத்தேன், தரையைப் பாக்கல.

வெல்டர் பாண்டிகிட்டப் போனேன். பாண்டி நல்லவன். நான் என்ன சொன்னாலும் "சூப்பர்ண்ணே"ம்பான். இப்படிப்பட்ட ஆளு பக்கத்துல இருந்தா மனுசன் உருப்பட மாட்டான்.

"அண்ணே, ஆங்கிள் இரும்பு இருக்கு, வெல்டிங் இருக்கு. சக்கரத்துக்கு எங்க போறது?"

கொடைக்கானல்ல ஒரு லாட்ஜுல, பெட்ஷீட்டு தள்ளிக்கிட்டுப் போற டிராலியைக் கழிச்சுப் போட்டிருந்தாங்க. அதுல இருந்த நாலு சக்கரத்தைக் கழட்டிக் கொண்டாந்தேன். நாலும் எல்லாப் பக்கமும் திரும்பும். தட்டிவிட்டா நிக்காம சுத்துச்சு.

"ஏலே பாண்டி, சும்மாவே இப்படி ஓடுதுன்னா, கிரீஸ் வச்சா எப்படி ஓடும்?"

"சூப்பர்ண்ணே."

வச்சோம். தாராளமாவே வச்சோம்.

டிராலி ரெடியானதும் செல்வி வந்து சுத்திப் பாத்தா. "எல்லாம் சரி. நிக்கிறதுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"கல்லு."

மலைக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது? எங்க ஊர்ல பிரேக்கை நம்புறவன் கெடையாது. வண்டி நின்னா ஒருத்தன் குதிச்சு டயருக்கு அடியில கல்லைப் போடுவான், அப்புறம்தான் மத்தவங்க எறங்குவாங்க. கல்யாண வீட்டு வாசல்ல செருப்பை விட கல்லுதான் ஜாஸ்தி கெடக்கும். பூண்டு ஏத்துற என் வேனுல ஒரு கல்லு நெரந்தரமா சீட்டுக்கு அடியில பயணம் பண்ணுது. கல்லு வச்சு நிக்காத வண்டி எங்க ஊர்ல இன்னும் வரல.

ஞாயித்துக்கெழமை வெள்ளனே ஜாக்கி போட்டுத் தூக்கி, பாடிக்கு அடியில டிராலியைச் சொருகினோம். நானும் பாண்டியும் லேசா தள்ளினோம். வழுக்கிட்டு வெளிய வந்துருச்சு. பெருமையில எனக்குக் கண்ணே கலங்கிருச்சுங்க. செல்வி மொகத்துல கூட ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்துச்சு.

எங்க வாசல் லேசா சரிவு. லேசான்னா, எங்க ஊருக்கு லேசு. நல்ல கல்லா ஒண்ணு எடுத்து, முன்சக்கரத்துக்கு அண்டக் குடுத்தேன். நின்னுச்சு. உங்களுக்கெல்லாம் காட்டணும்னு பின்னால நகந்து போனை எடுத்தேன்.

"அண்ணே, அது என்னமோ யோசிக்குது"ன்னான் பாண்டி.

கல்லு வச்ச சக்கரம் நின்னுச்சு. மத்த மூணுக்கும் கல்லு வச்ச சேதி தெரியல. அதுங்க பாட்டுக்குத் திரும்பி, கல்லையே நடுவுல வச்சு, பாடி மெதுவா சுத்த ஆரம்பிச்சுது. பழனி மலையைக் கிரிவலம் வர்ற மாதிரி, அவ்வளவு பக்தியா. அரைச்சுத்து முடிஞ்சதும் கல்லுகிட்ட இருந்து வெலகி, முதுகைப் பள்ளத்துப் பக்கம் வச்சுக்கிச்சு.

கல்லு வச்ச எடத்துலயே கெடந்துச்சு. அது மேல குத்தம் சொல்ல முடியாது.

"ஏலே, பிடிடா!"

"உங்க வண்டி, நீங்க பிடிங்கண்ணே."

கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, கீழ கருப்பையா அண்ணன் பீன்ஸ் காட்டுக்குள்ள போயிருச்சு. அவரு காலையில அங்கனதான் தண்ணி பாய்ச்சுவாரு. ஜீப்பும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம், மனுசனுக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது முருகான்னு விழுந்து எந்திரிச்சு ஓடினேன்.

அண்ணன் கையில ஓசு பைப்போட நின்னுக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல பேரிக்கா மரத்துல சாஞ்சு, நிமிந்தாப்புல ஜீப்பு பாடி. டிராலி தனியா ரெண்டு வரப்பு தள்ளிக் கெடந்துச்சு.

"என்ன தம்பி, ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா?"

நான் மன்னிப்புக் கேக்க வாயைத் தொறக்குறதுக்குள்ள, அண்ணன் ஜீப்பைச் சுத்தி வந்தாரு. கதவைத் தொறந்தாரு. உள்ள உக்காந்தாரு. கதவைச் சாத்திக்கிட்டாரு. காட்டுமாடு வராம காவல் காக்க அவரு போட்டிருந்த குடிசை போன காத்துல பறந்து போச்சு. அது எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

சாயங்காலம் இரும்புக்காரர் வந்தாரு. ரோட்டுல நின்னு கீழ எட்டிப் பாத்தாரு. "அங்கேருந்து தூக்கி ஏத்துற கூலிக்கு இந்த இரும்பு கட்டாதுங்க"ன்னு சொல்லிட்டு வண்டியைத் திருப்பிட்டாரு. எனக்கு உசுரு வந்துச்சு.

"பாத்தியா, வெளிய போயிருச்சு. என்னுது"ன்னேன் செல்விகிட்ட.

"வெளியன்னுதான் சொன்னேன். இவ்வளவு வெளியன்னு சொல்லல"ன்னு பூண்டைத் தூக்கிக்கிட்டு ஷெட்டுக்குள்ள போயிட்டா.

மறுநாள் நாலு ஆளைக் கூட்டிக்கிட்டுப் பாடியை மீட்கப் போனேன். ஆமா, மொதல்லயே கூப்பிட்டிருக்க வேண்டிய அதே நாலு பேருதான். அண்ணன் ஜீப்புக்குள்ள கம்பளியைப் போத்திக்கிட்டு டீ குடிச்சிட்டு இருந்தாரு.

"தம்பி, பீன்ஸு நசுங்கினதுக்கு உங்கள நான் ஒரு வார்த்தை கேட்டேனா?"

"கேக்கலண்ணே."

"அப்ப நீங்களும் கேக்காதீங்க. காடு பறிச்சு முடியட்டும்."

இன்னைக்குக் காலையில அண்ணன் சொல்லி அனுப்பியிருக்காரு. ஜீப்பு டாப்பு ஒழுகுதாம், டூல்ஸை எடுத்துக்கிட்டு வெரசா வரணுமாம்.