ஆர்வில் பிடித்த சாக்கு

நெப்ராஸ்காவில் முட்டாளுக்கு எத்தனை பேர் உண்டோ அத்தனையும் ஆர்வில் ஹாக்கெட்டுக்கு அத்துப்படி. எந்தப் பேர் எங்கே பிறந்தது என்றும் சொல்வார். யாரும் கேட்காமலே சொல்வார்.

அவர் மைத்துனன் வெண்டல் பாஸ்டனிலிருந்து வந்தான். டிவிக்கு எதிரே இருந்த ஆர்விலின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக்காரர் சமையலறை ஸ்டூலில் இருந்து கழுத்தை நீட்டி பேஸ்பால் பார்க்கவேண்டியதாயிற்று.

"நோர்மா, உன் தம்பி ஒரு கூபர்."

"அப்படின்னா?"

"வேர்க்கடலை. தெற்கத்திக்காரங்க கடலைக்கு வச்ச பேரு. பின்னால மடையனுக்கும் அதையே வச்சுட்டாங்க. இல்லல்ல, இவன் சம்ப். அப்படின்னா தடிமரத் துண்டு."

"மரத்துண்டு நாற்காலியில இருக்கு. நீங்க ஸ்டூல்ல இருக்கீங்க."

"இன்னிக்கு மட்டுந்தான். சாயங்காலம் அவனை ஸ்னைப் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன். மானம் போய் நாளைக்கே ஊருக்கு ஓடுவான் பாரு."

ஊருக்குப் புதியவனை ஏய்க்க அங்கே இதுதான் வழக்கம். ஸ்னைப் பறவை வந்து விழும் என்று சொல்லி, சதுப்பில் சாக்கை விரித்துக் குனிந்து நிற்கச் சொல்வார்கள். விரட்டிவருகிறோம் என்று போனவர்கள் நேரே வீட்டுக்குப் போய்ச் சிரிப்பார்கள். நோர்மா "ம்" என்றாள். தம்பிக்குக் காபி எடுத்துக்கொண்டு போனவள், வெகுநேரம் அவனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் சதுப்பில் இறங்கியதும், வெண்டல் சாக்கைத் தலைகீழாகப் பிடித்தான்.

"அட மக்கு, வாயை விரிச்சுப் பிடிடா."

"எனக்கு வரலையே மச்சான். நீங்களே பிடிச்சுக்குங்க. நான் போய் விரட்டிட்டு வரேன்."

விரட்டப் போகிறானாம்! ஆர்விலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இல்லாத பறவைக்காக இந்தக் கடலை முள்ளிலும் சேற்றிலும் விழுந்து புரளட்டுமே. சாக்கை விரித்துக் குனிந்தார். விசில்கூட அடித்தார். கொசு பிய்த்துப் பிடுங்கியது. தூரத்தில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. யாரோ விவசாயி வீட்டுக்குப் போகிறான் என்று நினைத்துக்கொண்டது அந்த மேதாவி மூளை.

இருட்டிய பிறகுதான் உறைத்தது. வண்டியும் இல்லை, வெண்டலும் இல்லை. வீடுவரை நடை.

முழங்கால் சேற்றோடு உள்ளே நுழைந்தார். வெண்டல் நாற்காலியில் கால் நீட்டிப் படுத்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பூட்ஸை வெளியில கழட்டுங்க" என்றாள் நோர்மா. "பாவம், அவன் நாளைக்குக் கிளம்புறதாத்தான் இருந்தான். இப்படிச் சிரிச்சு எத்தனையோ வருஷமாச்சாம். கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கேன்னுட்டான்."