இருபத்து நாலு டிகிரி

மதிப்பிற்குரிய மச்சான், தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் மகள் பட்டாணியும் நலமாக வேர்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கு தாங்கள் நலமாகக் குளிர்ந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பள்ளிக்கூட விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்திருக்கிறீர்கள். ஆனால் ரொட்டிக்கடை அடுப்பில் இருபது வருஷமாக நிற்பவனுக்குத் தெரிந்த ஒரே விஷயம் சூடு. இது சூடு சம்பந்தப்பட்டது. தவறான வெப்பநிலை எழுதியதற்காக வரும் திங்கட்கிழமை பட்டாணி மொத்தப் பள்ளிக்கூடத்தின் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றம் பற்றிச் சொல்லித்தர வேண்டும், பூமி சூடாவதை அவர்களே அளந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று போன வருஷம் மேடையில் முழங்கினீர்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். வெப்பமானி ஒன்று பெட்டியில் வந்து இறங்கியது. பிள்ளைகள் தொட்டால் உடைத்துவிடுவார்கள் என்று அதை உங்கள் அறையிலேயே, உங்கள் நாற்காலிக்குப் பின்னால், ஏ.சி.க்கு ஒரு முழம் தள்ளி ஆணியடித்து மாட்டினீர்கள். சுற்றுச்சூழல் டீச்சர் அந்தச் சின்னப் பெண், "சார், இதை வெளிய நிழல்ல மாட்டணும் சார்" என்று பயந்து பயந்து சொன்னாராம். அதற்கு நீங்கள், "வெளிய மாட்டினா சூடு பட்டுக் கெட்டுப்போயிடும்மா" என்றீர்களாம். இதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு மாவு பிசையக் கை ஓடவில்லை. சூட்டை அளக்கிற கருவிக்குச் சூடு ஆகாது என்று கண்டுபிடித்த மூளை நம் குடும்பத்தில் இருப்பதை நினைத்து உங்கள் தங்கையும் நானும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். "எங்க அண்ணன் சின்ன வயசுலயே அப்படித்தான், விடையை முதல்ல எழுதிட்டு அப்புறமா கணக்கைப் போடுவான்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணிக்கு இரண்டு பிள்ளைகள் உங்கள் அறைக்கு வருவதும், அனுமதி கேட்டு உள்ளே நுழைவதும், இருபத்து நாலு என்று நோட்டில் எழுதுவதும், வந்ததுதான் வந்தோம் என்று ஒரு நிமிஷம் காற்று வாங்கிவிட்டுப் போவதும் வழக்கமாகிவிட்டது. கோடையிலும் இருபத்து நாலு, அடைமழையிலும் இருபத்து நாலு. நடுவில் ஒரே ஒரு நாள் மின்சாரம் போய் முப்பத்து மூன்று ஆனபோது, அதை அடித்துவிட்டு 'கருவிக் கோளாறு' என்று உங்கள் கையாலேயே எழுதினீர்கள். வருஷக் கடைசியில் அடிக்குச்சி வைத்து நேர்கோடு கிழித்த மாதிரி ஒரு வரைபடம், அதன் கீழே 'நமது ஊரில் பருவநிலை மாற்றம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் முடிவுரை! கண்காட்சிக்கு வந்த விருந்தினர் பாராட்டிவிட்டுப் போனார். அவருக்கும் உங்கள் அறையில்தானே நாற்காலி போட்டீர்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், குளிர்ந்தும்விடும் என்று இப்போதுதான் தெரிகிறது.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு ரொட்டி சுடப் போயிருப்பேன். ஆனால் பட்டாணி படிக்கும் ஏழாம் வகுப்பு தகரக் கூரைக்குக் கீழே நடக்கிறது. போன மாதம் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். காலியாகக் கிடக்கும் நூலகக் கூடத்துக்கு வகுப்பை மாற்றுங்கள் என்று பெற்றோர் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள்? 'மாணவர்களே அளந்து பதிவு செய்தபடி பள்ளியின் வெப்பநிலை இருபத்து நாலு டிகிரி மட்டுமே' என்று எழுதி, அந்த நோட்டையே நகலெடுத்து இணைத்திருந்தீர்கள். பிள்ளைகள் கையாலேயே பிள்ளைகள் கண்ணைக் குத்துகிற சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்? அதைப் படித்துவிட்டுத்தான் பட்டாணி, 'ஏழாம் வகுப்பு, மதியம் இரண்டு மணி, நாற்பத்திரண்டு' என்று அதே நோட்டில் எழுதினாள். உடனே அது பொய், பள்ளிக்கு அவமானம் என்று குதிக்கிறீர்கள்.

எப்படி அளந்தாள் என்று நான் கேட்கவில்லை, கேட்க அவசியமும் இல்லை. என் மகள் எழுதிய எண் ஒரு மயிரிழைகூடத் தப்பாது. அடுப்படிக்காரன் மகள் சூட்டில் தப்பு செய்ய மாட்டாள். அவள் மன்னிப்பும் கேட்க மாட்டாள், நான் கேட்க விடவும் மாட்டேன். எனக்கு வயிறு எரிகிறது மச்சான். முகமெல்லாம் சிவந்து, தலைவலியோடு வீட்டுக்கு வருகிற பிள்ளையைப் பார்த்துவிட்டு உங்கள் வரைபடத்தை ரசிக்க எனக்குத் தெரியவில்லை. வகுப்பை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். அந்த அறையில் தங்களுக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தங்கையின் கணவன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. பட்டாணி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மேடையேறி மன்னிப்புக் கேட்டுவிட்டாளாம். "நான் எழுதுன நாப்பத்திரண்டு தப்புதான் சார். எங்க வீட்டுல காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து வகுப்புல வெச்சுப் பாத்தேன். அதுல நாப்பத்திரண்டோட கோடு முடிஞ்சிடுது. அதுக்கு மேல எவ்வளவுன்னு எனக்குத் தெரியல, மன்னிச்சுக்கங்க" என்றாளாம். நீங்களும் அவசரப்பட்டு மைக்கைப் பிடுங்கி, "பாத்தீங்களா, தப்புன்னு அவளே ஒத்துக்கிட்டா!" என்றீர்களாம். ஆகவே மேலே நான் எழுதிய அத்தனையையும் வாபஸ் வாங்குகிறேன். என் மகள் தப்பான எண்தான் எழுதியிருக்கிறாள். சரியான எண் தெரிய வேண்டுமானால், உங்கள் சுவரில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு நாளை மதியம் இரண்டு மணிக்கு ஏழாம் வகுப்புக்கு வாருங்கள். அளந்து முடியும்வரை நீங்களும் உட்கார வேண்டும் அல்லவா, முன் பெஞ்சில் பட்டாணி இடம் பிடித்து வைத்திருப்பாள்.