எள்ளுக்காக்கா சொன்ன ஒரேயொரு பொய்

உலகத்திலுள்ள எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நிம்மதியாக வாழ முடியும் என்றால், அவர் திருகோணமலையில் எங்கள் அடுத்த வீட்டில்தான் வாழ்கிறார். அந்தப் பதில் எள்ளு. நிம்மதி அவருக்கு, அக்கம்பக்கத்தில் இருக்கிற எங்களுக்கில்லை.

வயதில் மூத்த முஸ்லிம் ஆணைக் காக்கா என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். இவரை ஊரே எள்ளுக்காக்கா என்றது. சொந்தப் பேரைக் கேட்டால் அவருக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கிண்ணியாவில் பிறந்தவர். துறைமுகத்துக்குப் போகிற எங்கள் தெருவில், வீட்டு முன்பக்கத்திலேயே, மீன்பிடி வள்ளக்காரருக்கு நைலோன் கயிறும் பெயின்ற்றும் விற்கிற கடை. கடைக்குப் பின்னால் எண்ணெய் ஆட்டுகிற மெசின்; அது ஓடினால் எங்கள் வீடும் சேர்ந்து அதிரும். தோப்பூர்ப் பக்கம் இருந்த மேட்டுக்காணியில் எள்ளு விதைப்பார். கடையில் கயிறு கேட்டு வந்தவன் கயிறோடு போனதை நான் பார்த்திருக்கிறேன்; எள்ளுப் பிரசங்கம் கேட்காமல் போனதைப் பார்த்ததில்லை.

முழங்கால் உளைவா? நல்லெண்ணெய். நித்திரை வரவில்லையா? உச்சியில் நல்லெண்ணெய். மாடு மெலிந்து போச்சா? எள்ளுப் பிண்ணாக்கு. "இப்ப வெள்ளைக்காரன் எள்ளை அரைச்சு போத்தலில அடைச்சு டொலருக்கு விக்கிறான் தம்பி. சோப்புக்குள்ள போடுறான், கிறீமுக்குள்ள போடுறான். நாங்க என்னண்டா பாம் எண்ணெயில பொரிச்சுத் திண்டுபோட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு திரியிறம்" என்பார். இதைக் காலையில் வேலைக்குப் பிந்தி ஓடுகிறவனை மறித்து வைத்துச் சொல்வார்.

ஒருநாள் என் மோட்டார் சைக்கிள் சங்கிலி கிறீச்சிட்டது அவர் காதில் விழுந்துவிட்டது. நான் குளித்து முடித்து வருவதற்குள் சங்கிலி முழுக்க நல்லெண்ணெய் தடவியிருந்தார். தெருப்புழுதி எல்லாம் அதில் அப்பி, வேலை செய்கிற கந்தோருக்குப் போய்ச் சேரும்போது அது சங்கிலியா களிமண்ணா என்று சொல்ல ஏலாமல் இருந்தது. பின்னேரம் வந்து பார்த்தால் ஒரு நாய் அதை ஆசையாக நக்கிக்கொண்டு நிற்கிறது. "பாத்தீங்களா, வாயில்லாச் சீவனுக்கும் அதிட அருமை தெரியுது!" என்றார் காக்கா. எனக்கு வந்த கோபத்தை விழுங்கினதில்தான் அன்று என் வயிறு நிறைந்தது.

அறுவடைக் காலம் இன்னும் மோசம். காய் வெடிக்க முன்னம் செடியை வெட்டி, கட்டிக் காயவைத்து உதற வேண்டும். அவர் முற்றத்தில் வெயில் போதாதாம். எங்கள் முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போவார். காய் படபடவென்று வெடித்து, கொடியில் காய்கிற என் வெள்ளைச் சேட்டுப் பைக்குள்ளும் எள்ளு. கோட்டைப் பக்கத்திலிருந்து ஊருக்குள் உலாத்த வருகிற மான்கள் அதையும் மணந்து பார்க்கத் தொடங்கின. மானை அடிக்கக் கூடாது, எள்ளையும் விடக் கூடாது. ஆகவே அம்மா தடியோடு கதிரையில் காவல் இருந்தா.

இவ்வளவையும் பொறுத்தேன். போன வருசம் தங்கச்சியின் கலியாணப் பேச்சில் அவர் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

தங்கச்சியும் அவளோடு வேலை செய்கிற பெடியனும் ஒருவரையொருவர் விரும்பியிருந்தார்கள். பெடியனின் வீடு உவர்மலையில். தாய் இல்லாத பிள்ளை, வளர்த்தவ பெரியம்மா. அவ ஓம் என்றால் ஓம், இல்லையென்றால் இல்லை. நல்ல நாளும் நேரமும் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்காத மனுசி. அவவைப் பேச்சுக்குக் கூட்டிவரவே மாதக்கணக்காகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

"காக்கா, நாளைக்கு நீங்கள் வாங்கோ. ஒண்டும் கொண்டுவர வேண்டாம்" என்று சொல்லி வைத்தேன்.

"வெறுங்கையோட வாறதா? எள்ளுப்பூ மாதிரி மூக்கு எங்கட தங்கச்சிக்கு. அந்தப் பிள்ளைட நல்ல காரியத்துக்கு நான் கைவீசிக்கொண்டு வாறதா?" என்றார்.

வந்தார். பெரியம்மா கொழும்பில் பேகர் சாப்பிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம், கையில் வெள்ளித்தாள் மூடிய பெரிய தட்டத்தோடு. முஸ்லிம் வீட்டிலிருந்து வருகிற தட்டம் வட்டிலப்பம் என்கிற இனிப்பாகத்தான் இருக்கும் என்று அம்மா ஆசையோடு வாங்கி, நேரே பெரியம்மாவுக்கு முன்னால், நிறைகுடத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தாளை விலக்கினா. கறுகறுவென்று எள்ளுருண்டை.

பெரியம்மாவின் முகமும் அதே நிறத்துக்கு வந்தது. "நல்ல காரியத்துக்கு எள்ளோ? திவசத்துக்கு இறைக்கிற சாமானைக் கொண்டுவந்து எனக்கு முன்னால வைக்கிறியளோ?"

நான் கண்ணைக் காட்டினேன். எள்ளு என்று பேச்சு வந்தபிறகு காக்காவுக்கு யாருடைய கண்ணும் தெரியாது.

"குறை நினைக்காதீங்கம்மா. இந்தக் குத்துவிளக்கில எரியுறது என்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய்."

"அது என்ன தேங்காயிலயிருந்தா வந்தது?"

"காக்கா!" என்றேன்.

"இருங்க தம்பி. அம்மா, கொழும்பில பேகர் சாப்பிட்டனான் எண்டு இப்பதானே சொன்னீங்க. பன்னுக்கு மேல தூவிக் கிடந்தது என்ன? அது ஆருட திவசம்?"

மாப்பிள்ளைப் பெடியன் சிரித்துவிட்டான். அதோடு சரி. பெரியம்மா எழும்பினா, செருப்பைப் போட்டா, போய்விட்டா. சிரித்த முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் பெடியனும் பின்னால் போனான். தங்கச்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அன்று மதிலுக்கு மேலால் கத்தினேன். "வாதத்தில வெண்டிட்டியள் காக்கா. சந்தோசமோ?"

"நான் சொன்னதில என்ன பிழை தம்பி?"

"ஒரு பிழையும் இல்லை. அதுதான் பிழை! உங்கட எள்ளு நல்லாய் இருக்கட்டும். என்ர தங்கச்சி அழுதுகொண்டு கிடக்கிறாள்."

அடுத்த நாள் காலையில் தங்கச்சி வீங்கின கண்ணோடு கடையைத் தாண்டிப் போனாள். எந்நாளும் "காக்கா, வாறன்" என்று சொல்லிப் போகிறவள் தலை நிமிரவில்லை. அன்று எண்ணெய் மெசின் ஓடவில்லை. வீடு அதிராததால் அம்மாவுக்குச் சுகமில்லாமல் போய்விட்டது.

அந்தக் கிழமை முடிவதற்குள் உவர்மலையிலிருந்து ஆள் வந்தது. கலியாணத்துக்கு நாள் வைக்க வரச் சொல்லி. நானும் அம்மாவும் விழுந்தடித்துக்கொண்டு போனோம். பெரியம்மா தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னா:

"அந்தக் காக்கா வந்தவர். உள்ளுக்கு வரச் சொன்னன், வாசலிலயே நிண்டவர். 'அம்மா, நீங்க சொன்னதுதான் சரி. எள்ளு நல்ல காரியத்துக்கு உதவாத சாமான். என்ட வாய்க்கொழுப்புக்கு அந்தப் பிள்ளையைத் தண்டிக்காதீங்க' எண்டார். சொல்லேக்க மனுசனுக்குக் கண் கலங்கிப் போச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக இப்பிடி அழுகிற மனுசரை நான் கண்டதில்லை."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். எள்ளு உதவாத சாமான். அந்த வாயால். ஒருமுறை வழிமறித்த பொலிசுக்காரனிடமே எள்ளின் பெருமையை விட்டுக்கொடுக்காத மனுசர் அவர்.

கலியாணம் எங்கள் வீட்டுப் பந்தலில் நடந்தது. காக்கா புதுச் சாரம் உடுத்து வந்தார். கையில் கச்சான் அல்வா. கடையில் வாங்கினது. கச்சான் என்கிற நிலக்கடலையை எள்ளுக்குப் பரம எதிரியாக நினைக்கிறவர், அந்தப் பெட்டியை அடுத்தவன் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோலப் பிடித்துக்கொண்டு மூலையில் இருந்தார். யாரிடமும் ஒரு கதை இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

பக்கத்தில் போய்க் குனிந்து, "காக்கா, பின்பக்கத்தால குசினிக்குள்ள வாங்கோ. அலுமாரிக்குள்ள எள்ளுருண்டை ஒளிச்சு வைச்சிருக்கிறன்" என்றேன்.

அவர் முதலில் பெரியம்மா எங்கே என்று பார்த்தார். பிறகு சந்தேகத்தோடு, "ஆருட எள்ளு?" என்றார்.

"உங்கட எள்ளுதான். எங்கட முத்தத்தில கொட்டினது. அம்மா கூட்டி, கழுவி, வறுத்துப் பிடிச்சவ."

குசினியில் அடுப்படிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடி மென்றார்.

"பாகு கொஞ்சம் முறுகிப் போச்சு தம்பி. ஏன் எண்டு சொல்லட்டா?"

வெளியே ஆட்கள் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"சொல்லுங்கோ காக்கா."